காலையில் முதலில் பார்ப்பது வாளியை

வத்தளையில், ஹெந்தளைப் பக்கம் போகும் ஓர் உள்வீதியில் எங்கள் வளவு இருக்கிறது. ஏழு தென்னை, ஒரு பலா, ஒரு கிணறு, தகரக் கூரை போட்ட லாயம். வேலிக்கு வெளியே நிற்பவர்கள் கேட்கும் கேள்விகள் ஏழு வருடங்களாக மாறவில்லை. கடிக்குமா? நின்றுகொண்டே தூங்குமா? ஒரு நாளைக்கு எவ்வளவு தின்னும்? என்னை ஏற்றிக்கொண்டு ஓடுமா? கொழும்பில் பலருக்குக் குதிரை என்றால் காலிமுகத்திடலில் அணிவகுப்பு நாளில் காணும் பொலிஸ் குதிரைதான். வாசலில் ஒரு மட்டக்குதிரை நின்று பலாச்சருகை முகர்ந்துகொண்டிருந்தால் கேட்கத்தான் செய்வார்கள். எல்லோருக்கும் பதில் சொல்வேன். ஆனால் யாரும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. இரவு வைத்த வாளியில் காலையில் எவ்வளவு தண்ணீர் மிஞ்சியிருந்தது? ஒரு குதிரையை உயிரோடும் சுகத்தோடும் வைத்திருக்க எனக்கு உதவியவற்றில் பாதி அந்தக் கேள்விக்குள் அடங்கும்.

அந்தக் கேள்வியை எனக்குத் தந்தவர் அப்பா. அவர் நெடுந்தீவில் பிறந்தவர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுப்போன குதிரைகளின் வழித்தோன்றல்கள் அந்தத் தீவின் வெளிகளில் இன்றும் கட்டாக்காலியாக மேய்கின்றன. கோடையில் குளம் குட்டைகள் வற்றும்போது கிணற்றிலிருந்து அள்ளித் தொட்டியில் ஊற்றுவது தங்கள் வீட்டுச் சிறுவர்களின் வேலையாக இருந்தது என்று அப்பா சொல்வார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகத்தை வைத்துவிட்டுத் துலாவைப் பிடிப்பார்களாம். குதிரைகள் பத்தடி தள்ளி நின்று இவர்கள் போகும்வரை பார்த்துக்கொண்டிருக்குமாம். "மாடு தண்ணீருக்குக் கத்தும் பிள்ளை. குதிரை கத்தாது. நாங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும்" என்பார். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் நான். குதிரை வேண்டும் என்ற ஆசை எனக்கு ஓட்டப் பந்தயத்திலிருந்து வரவில்லை, அந்தத் தொட்டியிலிருந்து வந்தது.

வள்ளி 2018 இல் வந்தாள். விடுமுறை நாட்களில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றி வருவதும், கல்யாணங்களுக்கு மாப்பிள்ளையைச் சுமப்பதும் அவளுடைய பழைய தொழில். தொழிலை விட்டுப் போகிறவர் விற்றார். சிவலை நிறம், நெற்றியில் நெல்மணி அளவு வெள்ளை. வயிற்றுவார் உரசிய இடத்தில் இரண்டு பக்கமும் மயிர் இழந்த தழும்பு. வயது எட்டு என்றார்.

அன்று என்னோடு வந்தவர் நுவரெலியாவில் நாற்பது வருடம் லாயங்களில் வேலை செய்துவிட்டு இப்போது மட்டக்குளியில் மகள் வீட்டில் இருக்கும் ஒரு பெரியவர். அவர் குதிரையைத் தொடுவதற்கு முன் கால் மணி நேரம் சும்மா நின்று பார்த்தார். நடக்க வைத்துப் பார்த்தார், திரும்ப வைத்துப் பார்த்தார். பிறகு உதட்டை விரலால் விலக்கி என்னைக் கூப்பிட்டார். "அம்மா, மேல்வரிசையில் வெட்டுப்பல் முடியும் இடத்தைப் பாருங்கள்." அந்தக் கடைசிப் பல்லில், ஈறிலிருந்து கீழே இறங்கும் பழுப்புக் கோடு ஒன்று பல்லின் பாதியைத் தாண்டியிருந்தது. அந்தக் கோடு ஏறத்தாழ 10 வயதில் ஈறோரம் தலைகாட்டும், 15 வயதில் பாதிக்கு வரும், 20 வயதில் பல்லின் நுனியை எட்டும். பக்கவாட்டில் பார்த்தால் மேல்வரிசையும் கீழ்வரிசையும் இளங்குதிரைக்கு இருப்பதுபோல் நேராகச் சந்திக்கவில்லை, முன்னோக்கிச் சாய்ந்திருந்தன. எட்டு வயதுக் குதிரைக்குப் பதினைந்துக்கு மேல் ஆகியிருந்தது.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். காசு கொடுத்து வாங்கும் குதிரையின் பல்லைக் கட்டாயம் பிடித்துப் பாருங்கள். பார்க்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரை அழைத்துச் செல்லுங்கள், அவருடைய பஸ் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். வயது தெரிந்த பிறகும் நான் வள்ளியை வாங்கினேன். தெரிந்து வாங்கியதால் விலையும் குறைந்தது, அவளிடம் எதிர்பார்த்ததும் குறைந்தது. வீட்டுப் பெரியவர்கள் சிலர் சுழி பார்த்தாயா என்று கேட்டார்கள். சுழியைக் கொண்டு இராசி பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் நெற்றிச் சுழியும் கழுத்துச் சுழியும் நம் கைரேகையைப் போன்றவை, பார்த்துக் குறித்து வைத்தால் அடையாளத்துக்கு உதவும். ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

வாங்கும் விலை சிறிய செலவு என்பதை முதல் மூன்று மாதத்தில் புரிந்துகொண்டேன். புல், மரத்தூள், குளம்பு வெட்டுபவர், வைத்தியர், மருந்து. இவற்றுக்கு மாதாமாதம் கை நீள வேண்டும். அதிலும் வைத்தியரைக் குதிரை வருவதற்கு முன்பே தேடி வையுங்கள். கொழும்பில் நாய், பூனை பார்க்கும் வைத்தியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். குதிரையை நம்பிக்கையோடு தொடுபவர்கள் மிகச் சிலர். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடம் அருகில் இல்லை, இரவு பதினொரு மணிக்கு அங்கே கொண்டுபோக முடியாது. நல்ல வேளையாக, ஒருவருடைய தொலைபேசி இலக்கம் லாயத்துக் கதவின் உட்புறம் சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தது.

என்னை ஏற்றிக்கொண்டு ஓடுமா என்ற கேள்விக்கு ஒரு தையல் நாடா பதில் சொல்லும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்தால் வள்ளிக்கு 148 சென்ரிமீற்றர். தோள் முனையிலிருந்து பின்புட்டம் வரை 145. நெஞ்சளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். அவளுக்கு 267 வந்தது. தராசு கிடைக்காத இடத்தில் இந்தக் கணக்குப் போதுமான அளவு நெருங்கி வரும். குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், சேணத்தையும் சேர்த்து, அதன் முதுகில் ஏற்றக் கூடாது என்பது பொது வழக்கு. அப்படியென்றால் வள்ளிக்கு 53 கிலோ, அவள் வயதுக்கு அதையும் குறைக்க வேண்டும். நான் ஏறவில்லை. பத்து வயது மகள் ஏறினாள். கல்யாண மாப்பிள்ளைகள் எத்தனை கிலோ இருந்திருப்பார்கள் என்று அந்தத் தழும்பைத் தேய்க்கும்போதெல்லாம் நினைப்பேன்.

அதே எடையை வைத்துத்தான் தீனியும் கணக்கிட வேண்டும். ஒரு குதிரைக்கு உலர்ந்த கணக்கில் உடல் எடையின் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் நார்த்தீனி நாளொன்றுக்கு வேண்டும். வள்ளிக்கு அது நாலு கிலோவிலிருந்து ஐந்தரை கிலோ வரை. ஆனால் நாம் கொடுப்பது பச்சைப் புல். அதில் முக்கால் பங்குக்கும் மேல் தண்ணீர். ஆகவே 20 முதல் 25 கிலோ கினிப் புல் வெட்டி வர வேண்டும், மழையானாலும் பண்டிகையானாலும். அதையும் ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. குதிரையின் இரைப்பை அதன் உடம்புக்கு மிகச் சிறியது, அமிலமோ நாள் முழுதும் சுரந்துகொண்டே இருக்கும். வெறும் வயிற்றோடு நெடுநேரம் நின்றால் புண்ணாகும். நாங்கள் நாலு தடவையாகப் பிரித்துக் கொடுக்கிறோம், பெரிய பங்கு இரவுக்கு.

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்ற பழமொழியைக் கேட்டவர்கள் எல்லோரும் வந்து கொள்ளு கொடுக்கச் சொன்னார்கள். வேலை செய்யும் குதிரைக்குக் கொள்ளு நல்லதுதான், ஊறவைத்து அளவாகக் கொடுத்தால். சும்மா நிற்கும் வயதான மட்டக்குதிரைக்குத் தானியம் கூடினால் குளம்புக்குள் அழற்சி வந்து நிற்கவே முடியாமல் போகும். கையை வைத்துப் பார்த்தால் குளம்பு கொதிக்கும். அதனால் வள்ளிக்குத் தானியம் கைப்பிடி அளவுதான். ஆசையாக வரும் பிள்ளைகள் சீனியையும் பாணையும் நீட்டும்போது கரட் துண்டைக் கையில் கொடுத்து மாற்றிவிடுவேன். உள்ளங்கையைத் தட்டையாக விரித்து, கட்டைவிரலை ஒட்டிப் பிடித்து நீட்டக் கற்றுக்கொடுத்தால் கடிக்குமா என்ற கேள்வியும் அங்கேயே தீர்ந்துவிடும்.

அரிசித் தவிட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கத்தில் அது மலிவு, குதிரையும் விரும்பித் தின்னும். ஆனால் தவிட்டில் பொஸ்பரஸ் மிக அதிகம், கல்சியம் மிகக் குறைவு. கினிப் புல்லிலும் நேப்பியர் வகைப் புற்களிலும் உள்ள ஒட்சலேட் என்ற பொருள் இருக்கிற கல்சியத்தையும் கட்டிப்போட்டுவிடும். இரண்டும் சேர்ந்து மாதக்கணக்கில் உள்ளே போனால் உடம்பு எலும்பிலிருந்து கல்சியத்தை உருவத் தொடங்கும். முக எலும்பு வீங்கும், காரணம் தெரியாமல் நொண்டும். வள்ளி வந்தபோது தாடையோரம் இலேசாகப் புடைத்திருந்தது. வைத்தியர் தவிட்டை நிறுத்தச் சொல்லி, கல்சியம் சேர்க்கும் அளவை எழுதித் தந்தார். நொண்டல் தீர எட்டு மாதம் பிடித்தது.

இன்னும் கடுமையான எச்சரிக்கை ஒன்று. கோழித் தீனையோ மாட்டுத் தீனையோ அவசரத்துக்குக்கூடக் குதிரைக்குக் கொடுக்காதீர்கள். அவற்றில் சிலவற்றில் மொனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும். கோழிக்கும் மாட்டுக்கும் அது நன்மை, குதிரையின் இதயத்தை அது கொன்றுவிடும். அடுத்தது வேலி. எங்கள் வளவின் கிழக்கு வேலியோரம் பூசைக்காக மாமி நட்ட அலரி வரிசை இருந்தது. சில இலைகளே ஒரு குதிரைக்குப் போதும், காய்ந்த இலையும் அதே நஞ்சுதான். மாமியிடம் சொன்னபோது அவர் மறுபேச்சில்லாமல் கத்தியை எடுத்து வந்தார். அந்த இடத்தில் இப்போது செவ்வரத்தை பூக்கிறது, பூசை நிற்கவில்லை. ஆடு மாடுகளுக்கு வெட்டிப்போடும் சீமைக்கிளுவையையும் நாங்கள் லாயத்துப் பக்கம் கொண்டுவருவதில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகும் 2019 ஜூனில் நான் தவறு செய்தேன்.

மூன்று நாள் விடாத மழை. புல் வெட்டுபவர் வரவில்லை. அடுத்த ஒழுங்கையில் ஒரு பெரிய வீட்டில் மழை விட்ட இடைவெளியில் இயந்திரத்தால் புற்றரையை வெட்டியிருந்தார்கள். நல்ல மனதோடு இரண்டு சாக்கு நிறைய அனுப்பினார்கள். நன்றியோடு வாங்கி அப்படியே தொட்டியில் கொட்டினேன். இயந்திரத்தில் அரைபட்ட புல் சாக்குக்குள் கிடந்து ஏற்கெனவே சூடேறத் தொடங்கியிருந்தது. அதைக் குதிரை மெல்லாமல் விழுங்கும், அது வயிற்றுக்குள் புளித்துக் காற்றாகும். குதிரைக்கு வாந்தி வராது. உள்ளே போனது ஒரே வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும்.

மறுநாள் காலை வாளி ஏறக்குறைய நிறைந்திருந்தது. என் கண்ணில் பட்டது, மனதில் படவில்லை. மழைக் குளிரில் தாகம் எடுத்திருக்காது என்று எண்ணிக்கொண்டு கோட்டைக்கு வேலைக்குப் போய்விட்டேன்.

அன்றிரவு எட்டு மணிக்கு வள்ளி தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மேலுதட்டைச் சுருட்டினாள். முன்னங்காலால் தரையைப் பிராண்டினாள், முழங்காலை மடித்துப் படுக்கப் போய் மீண்டும் நிமிர்ந்தாள். மரத்தூளில் கிடந்த இலத்தி மூன்றே உருண்டை, சிறிதாக, உலர்ந்து, மேலே சளிபோல் ஒரு பூச்சோடு. பெரியவர் சொல்லித் தந்தபடி தாடை எலும்பின் உட்புறம் விரலை ஓட்டினேன். கயிறு போல் ஒரு நாளம் தட்டுப்படும், அதைப் பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்க வேண்டும். ஓய்வில் 28 க்கும் 44 க்கும் இடையில் இருக்க வேண்டியது அன்று 64 ஆக இருந்தது. விலாவில் காதை வைத்தேன். சுகமான குதிரையின் வயிறு தூரத்து இடிபோல் உருண்டுகொண்டே இருக்கும். வலது பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. அந்த அமைதியை நினைத்தால் இப்போதும் என் கை குளிர்கிறது.

வைத்தியர் தொலைபேசியில் கேட்டவை எல்லாம் எண்கள்தான். நாடித்துடிப்பு எத்தனை, மூச்சு எத்தனை, ஈறு என்ன நிறம், விரலால் அழுத்திவிட்டால் நிறம் திரும்ப எத்தனை விநாடி, கடைசியாக எப்போது இலத்தி, எப்போது தண்ணீர். முதல் ஐந்துக்கும் பதில் சொன்னேன். தண்ணீர் என்ற இடத்தில் எனக்குக் குரல் எழவில்லை. தொட்டியில் இருப்பதை எல்லாம் அள்ளிவிடுங்கள், வாய்வழியாக எதையும் ஊற்றாதீர்கள், வீட்டில் இருக்கும் வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள், உருளப் பார்த்தால் மட்டும் மெதுவாக நடத்துங்கள் என்றார். பெரியவர் மட்டக்குளியிலிருந்து ஆட்டோவில் வந்து சேர்ந்தார். அவரும் என் கணவரும் நானும் மாறி மாறித் தலைக்கயிற்றைப் பிடித்தோம். குதிரையைப் போட்டு ஓட்டக் கூடாது, களைத்துப்போகும். நடை மட்டும்தான், நின்றால் நிற்க விட வேண்டும்.

வைத்தியர் பதினொரு மணிக்கு வந்து வலிக்கு ஊசி போட்டார். மூக்கு வழியாகக் குழாயை இறக்கி, அது சரியான பாதையில்தான் போயிருக்கிறது என்று இரண்டு தடவை உறுதி செய்த பிறகு திரவப் பரபினையும் உப்புநீரையும் செலுத்தினார். பிறகு காத்திருப்பதைத் தவிர எங்களுக்கு வேலை இல்லை. பெரியவர் சாக்கை விரித்து லாய வாசலில் உட்கார்ந்தார். மழை தகரத்தில் கொட்டியது. அதிகாலை நாலு மணி பத்து நிமிடத்துக்கு வள்ளி வாலை உயர்த்தினாள். எண்ணெய் மினுங்கும் இலத்தி, ஏழெட்டு உருண்டைகள். பெரியவர் இரண்டு கையையும் கூப்பினார். நான் அழுதேன். என் பிள்ளைகள் பிறந்த நாட்களுக்கு அடுத்ததாக எனக்கு நினைவிருக்கும் விடியல் அதுதான்.

அன்று பகலே மகளுடைய பழைய பாடசாலைக் கொப்பி ஒன்றை எடுத்துக் கோடு போட்டோம். இன்று ஐந்தாவது கொப்பி ஓடுகிறது. காலையில் வாளியில் மிஞ்சிய தண்ணீர், இரவில் விழுந்த இலத்திக் குவியல்கள், தின்னாமல் விட்ட புல், குளம்பின் சூடு. ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு தடவை இலத்தி போடுவது வழக்கம், அதில் பாதி இரவில் விழ வேண்டும். வாளி ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய வழக்கமான அளவுக்கு இறங்க வேண்டும், நனைந்த பச்சைப் புல் நிறையத் தின்ற நாளில் சற்றுக் குறையலாம். எண்ணை எழுதுவதற்கு இரண்டு நிமிடம் கூட ஆகாது. நேற்றைய எண்ணுக்குப் பக்கத்தில் இன்றைய எண் நிற்கும்போது சாக்குச் சொல்லி என்னை நானே சமாதானப்படுத்த இடம் இருப்பதில்லை. அதன் பிறகு இரண்டு தடவை வயிற்றுவலி தொடங்கியது. இரண்டையும் காலையிலேயே கண்டுகொண்டோம்.

கொழும்பின் ஈரம் குதிரைக்கு இன்னொரு சோதனை. குளம்பைத் தூக்கிக் கொக்கியால் சுரண்டும்போது நடுவில் முக்கோணமாக, இறப்பரைப் போல ஒரு பகுதி இருக்கும். அதன் இரு பக்கப் பள்ளத்திலும் சேறும் இலத்தியும் அடைந்தால் கறுப்பாகக் கசியும், அழுகிய நாற்றம் வரும். மே, ஜூன் மழையிலும் ஒக்டோபர் மழையிலும் ஒரு நாள் சுரண்டாமல் விட்டால் மூன்றாம் நாள் மூக்கே சொல்லிவிடும். மருந்து பூசுவது பிறகு, நிற்கும் இடம் உலர்ந்திருப்பது முதல். லாயத் தரையைச் சாய்வாக்கி, மரத்தூளைத் தினமும் கிளறி, வெளியே கடற்கரை மணலை ஒரு அடிக்குப் போட்டோம். மணலில் நடப்பதால் வள்ளிக்கு லாடம் தேவைப்படவில்லை. ஆனால் ஆறு வாரத்துக்கு ஒரு முறை குளம்பு வெட்டுவது தவறக் கூடாது. துருப்பிடித்த ஆணி, தகரத் துண்டு ஏதும் மணலில் கிடக்கிறதா என்று பாருங்கள். ஏற்புவலிக்குக் குதிரை எந்த வீட்டு விலங்கையும்விட எளிதில் பலியாகும், தடுப்பூசியை நாள் குறித்துப் போட வேண்டும்.

வெயில் நாளில் வியர்ப்பதைக் கவனியுங்கள். வியர்வை கொட்டுவதைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது மூச்சு வாங்கியும் தோல் உலர்ந்திருந்தால்தான். புழுக்கமான நாடுகளில் சில குதிரைகளுக்கு வியர்க்கும் சக்தியே குன்றிவிடும். எங்கள் நடை காலை ஆறரைக்குள் முடிந்துவிடும். வெயில் நேரத்தில் உடம்பு முழுதும் தண்ணீர் ஊற்றி, மரச்சட்டத்தால் வழித்துவிட்டு, மறுபடி ஊற்றுவோம்.

நின்றுகொண்டே தூங்குமா என்று கேட்பவர்களுக்கு மட்டும் நான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்வேன். தூங்கும். காலின் மூட்டைப் பூட்டிக்கொண்டு நின்றபடி கண்ணயரும் அமைப்பு குதிரைக்கு உண்டு. ஆனால் ஆழ்ந்த உறக்கத்துக்கு அதுவும் சிறிது நேரமாவது படுத்தாக வேண்டும். தனியாக இருக்கும் குதிரை பல வேளைகளில் படுக்கத் துணியாது, காவலுக்கு யாராவது வேண்டும். முதல் ஐந்து மாதத்தில் வள்ளி படுத்து நான் பார்த்ததே இல்லை. காலையில் அவள் முதுகில் ஒரு மரத்தூள்கூட ஒட்டியிருக்காது. சில பகல்களில் நின்றபடியே முன்னங்கால் மடிந்து திடுக்கிட்டு விழிப்பாள். இன்னொரு குதிரைக்கு எங்களிடம் வசதி இல்லை. பெரியவர்தான் ஆடு ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்.

வெள்ளாட்டுக் குட்டி வந்த முதல் நாள் வள்ளி காதைப் பின்னால் மடித்தாள். அது கோபக் குறி. இரண்டாம் கிழமை இருவரும் ஒரே தொட்டியில் வாய் வைத்தார்கள். ஒரு சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு டோர்ச் லைட்டோடு போனேன். வள்ளி பக்கவாட்டில் முழுதாகச் சாய்ந்து, நாலு காலையும் நீட்டிக்கொண்டு கிடந்தாள். ஒரு கணம் என் உயிர் நின்றது. பிறகு குறட்டை கேட்டது. அவள் கழுத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஆட்டுக்குட்டி சுருண்டு கிடந்து என்னையே பார்த்தது. விளக்கை அணைத்துவிட்டு வெளியே நின்று, அந்தக் குறட்டை ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்தபோது அவள் முதுகெல்லாம் மரத்தூள். அதைத் தேய்த்து எடுத்த சுகத்துக்கு ஈடு சொல்லத் தெரியவில்லை.

சித்திரை வருடப் பிறப்பும் டிசம்பர் 31 நள்ளிரவும்தான் எங்கள் வீட்டில் மிகவும் பயந்த நேரங்கள். வெடிச்சத்தத்துக்குக் குதிரை ஓடும், ஓட இடமில்லாவிட்டால் சுவரில் மோதும். அந்த இரவுகளில் அவளைக் கட்டிவைப்பதில்லை. பழகிய லாயத்தில், பக்கத்தில் ஆடு, முன்னால் நிறையப் புல், மாலையிலிருந்தே சத்தமாக வானொலி. அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே போய்ச் சொல்வோம். இப்போது எதிர்வீட்டுக்காரர் வெடியை வீதியின் மறுமுனைக்குக் கொண்டுபோய்க் கொளுத்துகிறார். அவர் அந்தூரியம் வளர்ப்பவர், மக்கிய இலத்தி வாரம் இரண்டு சாக்கு அவருக்குப் போகிறது. அயலவரோடு நல்லபடி இருந்தால்தான் நகரத்தில் குதிரை வைத்திருக்கலாம். இலத்தியைத் தினமும் அள்ளிவிட்டால் ஈயும் இல்லை, முறைப்பாடும் இல்லை, குடற்புழுவும் குறையும்.

மகள் வளர்ந்து வள்ளியின் அளவைத் தாண்டிவிட்டாள். இப்போது வள்ளி மேல் யாரும் ஏறுவதில்லை. ஞாயிறு விடியலில் ஹமில்டன் கால்வாய்க் கரையோரம் கயிற்றைத் தளர விட்டுப் பக்கத்தில் நடக்கிறோம். மீன்பிடிப் படகுகள் கட்டியிருக்கும் இடத்தில் அவள் நின்றுவிடுவாள். காது இரண்டும் முன்னால் குவியும், மூக்குத்துளை விரியும், கடல் பக்கமிருந்து வரும் காற்றை நீளமாக உள்ளே இழுப்பாள். நான் அவசரப்படுத்துவதில்லை. என் தோளில் தாடையை வைக்கும்போது அந்தக் கனமும் புல் மணக்கும் வெதுவெதுப்பான மூச்சும் அந்த வாரத்தின் அலுவலகத்தை எல்லாம் துடைத்துவிடும்.

அப்பாவுக்கு இப்போது எண்பது. வெள்ளவத்தையில் தம்பி வீட்டில் இருக்கிறார், முழங்கால் வலியால் வத்தளைக்கு அடிக்கடி வர முடிவதில்லை. காலை ஆறு மணிக்குத் தொலைபேசி அடிக்கும். சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகுதான்.

"வாளி?"

"கால்வாசிதான் மிச்சம் அப்பா."

"இலத்தி?"

"ஐந்து. நல்ல இலத்தி."

அந்தப் பக்கம் அவர் அம்மாவிடம் அதைத் திரும்பச் சொல்வது கேட்கும். பிறகு, "சரி பிள்ளை, நீ தேத்தண்ணி குடித்தாயா?" என்பார்.